வெள்ளைச் சீட்டு

ஜெனிலாவுக்குக் கணக்கு வராது என்பது பத்தாம் வகுப்பிலேயே ஊரறிந்த சங்கதி. கணக்குக்குப் பயந்துதான் அவள் நர்சிங் படிக்கப் போனாள். தப்பி ஓடினவன் தலையாரி வீட்டில் ஒளிந்த கதையாக, எம்.எஸ்சி. இரண்டாம் வருஷத்தில் புள்ளியியல் வந்து எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. ஆய்வு செய்யாமல் பட்டம் இல்லை. புள்ளியியல் தெரியாமல் ஆய்வு இல்லை.

பாடம் எடுத்தவர் சிவபிரசாத் சார். நாகர்கோவில்காரர். அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டியும் அவர்தான். நல்ல மனுஷன், பிள்ளைகளைக் கரித்துக்கொட்ட மாட்டார், புரியாததை எத்தனை தரம் கேட்டாலும் சொல்வார். நல்ல மனுஷர்களால் கெடுதல் வராது என்று எவன் சொன்னானோ, அவன் நல்ல மனுஷர்களை அதிகம் பார்த்ததில்லை.

ஜெனிலா எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. சர்க்கரை நோய்க்காரர்களுக்குக் காலில் புண் வந்தால் லேசில் ஆறாது. முற்றினால் விரலை எடுப்பார்கள், பிறகு காலை. நர்ஸ் ஒருத்தி வாரந்தோறும் வீடு தேடிப் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டி, சர்க்கரையும் பார்த்து வந்தால் இது குறையுமா? குறையும் என்று யாருக்கும் தோன்றும். தோன்றுவது போதாது, நிரூபிக்க வேண்டும் என்றார் சார். நோயாளிகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதிக்கு வீட்டுக்கே நர்ஸ் வருவாள். மறு பாதி, வழக்கம்போலத் தாங்களே ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் கழித்து இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

"யாரு எந்தப் பக்கம்னு நீ தீர்மானிக்கக்கூடாது பாத்துக்கோ," என்றார் சார். "நீ தீர்மானிச்சா என்ன செய்வ? சொன்ன பேச்சு கேக்கக்கூடிய ஆளு, ரோட்டுப் பக்கத்து வீடு, போனா சாயா தரக்கூடிய வீடு, இப்பிடிப் பாத்து எடுப்ப. பொறவு காலு ஆறிச்சுன்னா, ஆத்தினது நீயா, அவங்க ஒழுங்கா? யாருக்குத் தெரியும்? அதனால கம்ப்யூட்டர் தீர்மானிக்கட்டும்."

கம்ப்யூட்டர் ஒரு வரிசை போட்டுக் கொடுத்தது. அதன்படி பச்சை அட்டைகளையும் வெள்ளை அட்டைகளையும், வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியாத தடித்த கவர்களில் போட்டு ஒட்டி, எண் எழுதி அடுக்கினாள் ஜெனிலா. பச்சை வந்தால் வீட்டுக்கு நர்ஸ். வெள்ளை வந்தால் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். பச்சையின் பின்பக்கம் ஜெனிலாவின் போன் நம்பர் அச்சடித்திருந்தது. வெள்ளையின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஆத்திர அவசரத்துக்கு நர்ஸைக் கூப்பிட முடிவதும் சிகிச்சையில் சேர்த்திதான், அதை வெள்ளைக்குக் கொடுக்கக்கூடாது என்று சார் சொல்லியிருந்தார்.

எல்லாம் சரி, ஆள்தான் சேரவில்லை. ஆஸ்பத்திரியின் கால்புண் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவர்களிடம் போய் விளக்கினால், "எனக்கு எது நல்லதுண்ணு டாக்டருக்குத் தெரியாதா? சீட்டுக் குலுக்கியா வைத்தியம் பாப்பாவ?" என்று கேட்டார்கள். "நான் என்ன எலியா?" என்று ஒரு வாத்தியார் எழுந்தே போய்விட்டார். இப்படியே போனால் இன்னொரு வருஷம் வீணாகும் என்ற நிலைமை. அப்போதுதான் ஜெனிலாவுக்கு அந்த யோசனை வந்தது.

அவளுடைய அப்பா கிறிஸ்தவ சபையில் உபதேசியார். அந்தப் பக்கத்துச் சபைகளில் முடிவெடுக்க முடியாத காரியம் ஒன்று வந்தால் திருவுளச்சீட்டுப் போடுவார்கள். சம்பந்தம் இந்த வீட்டிலா அந்த வீட்டிலா, சண்டையில் இருக்கும் இரண்டு பேரில் யாரைச் செயலாளர் ஆக்குவது, எதற்கும் சீட்டு. ஜெபம் பண்ணி, கேட்க வேண்டியதை ஆண்டவரிடம் கேட்டுவிட்டு, சின்னப்பிள்ளை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். விழுந்தது விழுந்ததுதான். பிடிக்கவில்லை என்று இரண்டாம் தரம் போடக்கூடாது. அது ஆண்டவரைச் சோதிப்பது. சின்ன வயதில் எத்தனையோ வீட்டுச் சீட்டை எடுத்த கை ஜெனிலாவினுடையது. எடுத்துக் கொடுத்தால் ஒரு மிட்டாய் கிடைக்கும்.

அடுத்த வாரம் கிளினிக்கில் அவள் இப்படிச் சொன்னாள்: "திருவுளச்சீட்டு மாதிரியாக்கும் இது. நானும் தீர்மானிக்கல்ல, டாக்டரும் தீர்மானிக்கல்ல."

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். "அப்பம் ஒரு ஜெபம் பண்ணீட்டு எடுக்கலாமா சிஸ்டரே?" என்று கேட்டாள் ஒரு கிழவி. பண்ணுங்கள் என்றாள் ஜெனிலா. அன்றைக்கு மட்டும் வந்தவர்கள், அதுவரை மொத்தமாகச் சேர்ந்தவர்களைவிட அதிகம். அய்யாவழி வீட்டுப் பெண்கள்கூட, கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதுபோல என்று அவர்களாகவே புரிந்துகொண்டு, நெற்றி நாமத்தோடு கண்ணை மூடிக் கவரைப் பிரித்தார்கள்.

சிவபிரசாத் சாருக்கு ஒரே சந்தோஷம். "வெளிநாட்டுல கோடி கோடியாக் கொட்டியும் ஜனங்களுக்கு இதைப் புரியவைக்க முடியாமக் கெடக்கான். நீ ஒரே வார்த்தையில முடிச்சுப்போட்டியே! இதை மட்டும் தனியா ஒரு பேப்பரா எழுதலாம் பாத்துக்கோ," என்றார். கணக்கில் தன்னை ஒருவர் பாராட்டியது ஜெனிலாவுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒரு வாரம் அவள் கால் தரையில் பாவவில்லை.

நேசம்மாளும் லீலாபாயும் ஒன்றாகத்தான் வந்தார்கள். குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் ஒரே சந்தில் வீடு. இரண்டு பேருக்கும் வலது காலில் புண். நேசம்மாளுக்குப் பெருவிரலுக்குக் கீழே, சின்னதாக. முறைப்படி நேசம்மாளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

"ஏட்டி லீலா, நீ மொதல்ல கேறு. பேரன் பள்ளிக்கூடம் விட்டு வந்து நிப்பான்," என்று அவள் ஒதுங்கிக்கொண்டாள்.

லீலாபாய் கவரைப் பிரித்தாள். பச்சை.

அடுத்த கவரை வாங்கிய நேசம்மாள் அதை உடனே பிரிக்கவில்லை. முந்தானையைத் தலைக்கு மேல் போட்டு, கவரை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, உதடு அசைய ஜெபம் பண்ணினாள். மற்றவர்கள் பண்ணியதைவிட நீண்ட ஜெபம். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். ஜெனிலா பொறுமையாகக் காத்திருந்தாள். உபதேசியார் மகளுக்கு ஜெபத்தில் குறுக்கே பேசத் தெரியாது. பிரித்தபோது வெள்ளை வந்தது. நேசம்மாளின் முகம் ஒரு கணம் தொங்கியது. பிறகு சிரித்தாள்.

"சரி. அவரு சொல்லியாச்சு," என்றாள்.

"வெள்ளைண்ணா வாரா வாரம் இங்க வந்து கட்டணும் மாமி. மறக்காதீங்க," என்று சொல்ல வேண்டியதைச் சொன்னாள் ஜெனிலா. நேசம்மாள் தலையாட்டினாள். அட்டையை மடிக்காமல், வேதபுத்தகம் வைத்திருந்த பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

அதற்குப் பிறகு வாரந்தோறும் ஜெனிலா அந்தச் சந்துக்குப் போனாள், லீலாபாயைப் பார்க்க. லீலாபாய் வீடு சந்தின் கடைசியில். வழியில் நேசம்மாள் வீடு. வாசற்படியில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டோ, பலாக்கொட்டையைச் சுரண்டிக்கொண்டோ இருப்பாள்.

"வந்தியா மக்கா?"

"வந்தேன் மாமி."

அவ்வளவுதான் பேச்சு. நேசம்மாளின் வலது காலில் பழைய சேலைத்துணி சுற்றியிருக்கும். ஜெனிலா அதைப் பார்ப்பாள், பார்க்காததுபோலப் போவாள். கிளினிக்கில் அவளை ஒரு வாரம்கூடக் காணவில்லை என்பதும் ஜெனிலாவுக்குத் தெரியும். உறுத்தத்தான் செய்தது. சாரிடம் போய் நின்றாள்.

"வெள்ளையில ஒரு அம்மா கிளினிக்குக்கே வரல்ல சார். ஒரு எட்டுப் போய்க் கேக்கட்டா?"

"கேட்டா அது என்ன?"

அவள் தலையைக் குனிந்தாள். "இன்டர்வென்ஷன் சார். நாம தலையிட்டதாகும்."

"தெரியுதுல்லா? வெள்ளையில பாதிப்பேரு வராமத்தான் இருப்பாங்க. நம்ம ஊருல வழக்கமான வைத்தியம்னா அதுதானே? அதைத்தானே நாம அளக்கோம்? நீ ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய் ஏன் வரல்ல, ஏன் வரல்லண்ணு கேட்டா, பச்சைக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் என்ன இருக்கு? கணக்கு கெட்டுப்போகும் ஜெனிலா."

புத்தகப்படி அவர் சொன்னதில் பிழை கிடையாது. வெள்ளை அட்டைக்காரர்கள் யாருக்காவது முற்றினால் என்ன செய்வது என்று ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் கேட்டபோது, ஆஸ்பத்திரி திறந்துதானே இருக்கிறது, வரட்டும் என்று பதில் எழுதியிருந்தார்கள். குழுவும் அதை ஒப்புக்கொண்டது. கதவு திறந்திருந்தால் போதும், ஆள் வந்த மாதிரிதான் என்பது படித்தவர்களின் கணக்கு. ஜெனிலாவும் திரும்பி வந்தாள். கணக்கு வராதவள் என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. கணக்கைக் கெடுத்தவள் என்ற பெயர் வேறு வேண்டாம் என்று நினைத்தாள். அதைத்தான் நினைத்தாள், வேறொன்றும் இல்லை.

லீலாபாயின் புண் ஆறிக்கொண்டு வந்தது. ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் ஏறியது. ஒருநாள் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது லீலாபாய் காலை இழுத்துக்கொண்டாள்.

"சிஸ்டரே, ஒரு காரியம் சொன்னா கேப்பியளா? போற வழியில நேசம்மைக்க காலை ஒண்ணு பாருங்கோ. அவ கட்டு அவுக்கவே மாட்டேங்கா. கேட்டா சிரிக்கா."

"நான் பாக்கக்கூடாது. அவங்க ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"வரமாட்டேங்காளே! அண்ணைக்கு அவதான் மொதல்ல கேறியிருக்கணும். அவளுக்குள்ள பச்சையாக்கும் எனக்கக் கையில இருக்கு. எனக்கு ராத்திரி சோறு எறங்கல்ல பாத்துக்கோங்கோ. கட்ட வேண்டாம், சும்மா எட்டிப் பாத்தா என்ன?"

"பாத்தா கணக்கு கெட்டுப்போகும்," என்றாள் ஜெனிலா. சாரின் குரல் அப்படியே தன் வாயிலிருந்து வருவது அவளுக்கே கேட்டது. லீலாபாய் காலை மறுபடி நீட்டினாள். ஆனால் அந்த வார்த்தையை அவள் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே நேசம்மாள் வீட்டில் போய்ச் சொன்னாள். உள்ளதைத்தான் சொன்னாள்.

அந்தச் சந்தில் எப்போதும் ஒரு நாற்றம் உண்டு. ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்த பிறகு, சிரட்டையிலும் பட்டையிலும் உறைந்து கிடப்பதை உரித்துச் சேர்ப்பார்கள். அதற்கு ஒட்டுப்பால் என்று பெயர். சாக்கில் கட்டி வைத்தால் செத்த பெருச்சாளிபோல நாறும். நேசம்மாளின் புருஷன் நேசையன் பால்வெட்டுக்காரர். அவர் வீட்டு முற்றத்தில் எப்போதும் இரண்டு சாக்கு ஒட்டுப்பால் கிடக்கும். ஜெனிலா அந்த வீட்டைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். வாரத்துக்கு வாரம் நாற்றம் கூடியது. ஒட்டுப்பால் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

மழை பிடித்தது. மழையில் பால்வெட்டு கிடையாது. சாக்குகள் குலசேகரத்துக் கடைக்குப் போய்விட்டன. கழுவிவிட்டாற்போலக் கிடந்தது முற்றம். குடையைப் பிடித்துக்கொண்டு சந்தில் நடந்த ஜெனிலா, அந்த வீட்டு வாசலுக்கு நேரே வந்ததும் பழக்கதோஷத்தில் மூச்சைப் பிடித்தாள். இரண்டு எட்டு வைத்தாள். சாக்கு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூச்சை விட்டாள். நாற்றம் அப்படியே இருந்தது.

அவள் குடையை முற்றத்திலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

நேசம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். கண்ணில் காய்ச்சல் மினுமினுத்தது. "அய்யோ, நீ இங்க வரப்பிடாதே மக்கா! எனக்கு வெள்ளையில்லா விழுந்தது?" என்று பதறினாள்.

"காலைக் காட்டுங்க மாமி."

துணியை அவிழ்த்தபோது பெருவிரலும் அடுத்த விரலும் கரிக்கட்டையாக இருந்தன. கறுப்பு பாதத்தின் பாதிவரை ஏறியிருந்தது. ஜெனிலா எத்தனையோ கால்களைப் பார்த்தவள். என்றாலும் துணியை மறுபடி மேலே போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"ஏன் மாமி வரல்ல? வெள்ளைண்ணா வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு வரணும்ணு சொன்னேன்லா? மறந்துட்டியளா?"

"நீ சொன்ன மக்கா. நல்லாக் கேட்டுது. ஆனா நான் அவருட்ட வேறயில்லா கேட்டேன்?"

"என்ன கேட்டிய?"

நேசம்மாள் கொஞ்சம் வெட்கப்பட்டதுபோலச் சிரித்தாள். "ரொம்ப நாளா எனக்க மனசுல ஒரு பெகளம். மருந்தும் ஊசியும் எடுத்துக்கிட்டு ஜெபமும் பண்ணினா, அது விசுவாசமாண்ணு. எங்க ஜெபக்கூட்டத்துல ஆளுக்கு ஆளு ஒண்ணு சொல்லுவாவ. எனக்கு ஒரு முடிவும் தெரியல்ல. அப்பமாக்கும் நீ திருவுளச்சீட்டுண்ணு பறஞ்ச. சரி, இதுதான் சமயம்ணு கேட்டுப்போட்டேன். ஆண்டவரே, பச்சை தந்தா வைத்தியம் பாக்கேன். வெள்ளை தந்தா எல்லாத்தையும் நிறுத்தீட்டு உம்மை மட்டும் நம்பி இருக்கேன்ணு."

"சர்க்கரை ஊசி?"

"அண்ணைக்கே நிறுத்தியாச்சு. மாத்திரையும்."

ஜெனிலா கட்டிலோரம் மண்டியிட்டு நேசம்மாளின் கையைப் பிடித்தாள். "மாமி, அது ஆண்டவரு போட்ட சீட்டு இல்ல. ஒரு கம்ப்யூட்டரு போட்ட வரிசையாக்கும். அந்தக் கவரை ஒட்டினதே நானாக்கும். உங்களுக்குப் புரியணும்ணு அப்பிடிச் சொன்னேன். சும்மா சொன்னேன் மாமி."

"உபதேசியாருக்க மகளாயிருந்துக்கிட்டு அப்பிடிப் பேசாத மக்கா," என்றாள் நேசம்மாள், கோபமே இல்லாமல். "எனக்கும் இவருக்கும் கல்யாணச் சீட்டு எடுத்தது ஒரு மூணு வயசுப் பிள்ளை. அதுக்கு என்ன தெரியும்? கையி யாருக்கதா இருந்தா என்ன? சொல்லுகது அவரு."

ஜெனிலாவின் அப்பாவிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

நேசையன் தோட்டத்திலிருந்து வந்தார். ஜெனிலா சத்தம் போட்டாள், அழுதாள், லீலாபாயும் வந்து கூட நின்று அழுதாள். கடைசியில் அவர் மனைவியை ஒரு வார்த்தையும் கேட்காமல் இரண்டு கையிலும் தூக்கி ஜீப்பில் வைத்தார். நாகர்கோவிலில் பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் கலந்திருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் நேசம்மாள் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு ஜெனிலா போனாள். கல்லறைத் தோட்டத்தில் பின்னால் ஒரு ரப்பர் மரத்தோடு ஒண்டி நின்றாள். சபையின் ஐயர் பிரசங்கத்தில், ஆண்டவருடைய சித்தத்துக்கு முழுதும் ஒப்புக்கொடுத்த மகள் என்று நேசம்மாளைப் புகழ்ந்தார். யார் முகத்தையும் பார்க்க ஜெனிலாவுக்குத் தைரியம் வரவில்லை. நேசையனிடம் பேசாமலே திரும்பிவிட்டாள்.

ஆறு மாதம் முடிந்தது. பச்சை, வெள்ளை இரண்டு பக்கத்திலும் வேறு நர்ஸ்கள் கால்களைப் பார்த்துக் குறித்துக்கொடுத்தார்கள். கணக்குப் போட உட்கார்ந்தபோது சிவபிரசாத் சார் திரையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். கிளினிக் பதிவில் நேசம்மாள் பெயருக்கு நேரே 'தொடர்பில் இல்லை' என்று இருந்தது. அவளை விட்டுவிட்டுப் போட்டால், வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கலாமா என்று காட்டும் பி வேல்யூ 0.06.

"அடப்பாவமே, மயிரிழையில போச்சே! பாயின்ட் பூஜ்யம் அஞ்சுக்குக் கீழ வந்திருந்தா வித்தியாசம் உண்டுண்ணு அடிச்சுச் சொல்லலாம். இந்தப் பொம்பளை என்ன ஆச்சு, தெரியுமா?"

"செத்துப் போனாங்க சார். காலை எடுத்தும் பலனில்ல."

"அய்யோ," என்றார் சார். உண்மையாகவே வருத்தப்பட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எண்ணை மாற்றிப் போட்டார். 0.04. "அப்பம் இதைச் சேர்க்கணுமில்லா? சேர்க்காம விட்டா அதுதான் தப்பு."

"சார், அவங்க செத்தது நான் வீட்டுக்குப் போகாததுனால மட்டும் இல்ல." ஜெனிலா நடந்த அத்தனையும் சொன்னாள். சீட்டு, ஜெபம், நிறுத்திய ஊசி. அவள் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. "வெள்ளை விழுந்திருக்காட்டா அவங்க மருந்தை நிறுத்தியிருக்கவே மாட்டாங்க. நாம சீட்டே போடாம இருந்திருந்தா இப்பம் உயிரோட இருப்பாங்க சார். இதை எப்பிடி வெள்ளைக்க கணக்குல எழுத?"

சாரின் குரல் கனிவாகத்தான் இருந்தது. "பிள்ளே, நான் பாடத்துல என்ன சொல்லித்தந்தேன்? சீட்டு விழுந்த பொறவு ஒரு ஆளு மருந்து எடுத்தாலும் சரி, எடுக்காட்டாலும் சரி, விழுந்த குரூப்புலதான் கடைசிவரைக்கும் எண்ணணும். சீட்டுக்குப் பொறவு என்ன நடந்தாலும் அது சீட்டோட கணக்கு. அதுதான் நேர்மை."

அவர் சொன்னது சரி. எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அப்படித்தான் இருக்கும். ஜெனிலா தன் ஆய்வில் ஒரு பக்கம் முழுக்க நேசம்மாளைப் பற்றி எழுதிக் கொண்டுபோனாள். தான் சொன்ன விளக்கத்தையும் மறைக்காமல் எழுதியிருந்தாள். சார் அதைப் பொறுமையாகப் படித்தார். பரீட்சைக்கு வருகிறவன் இதைப் பிடித்துக்கொண்டால் அவளுக்குப் பட்டம் போகும், சேர்ந்த அத்தனை பேரும் போட்ட சம்மதக் கையெழுத்தும் செல்லாமல் போகும் என்றார். பக்கத்தை எடுத்துவிட்டு, குறைபாடுகள் என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி எழுதச் சொன்னார்: 'பங்கேற்பாளர்கள் சிலர் குழுப் பிரிப்பு முறையைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்க வாய்ப்புண்டு.'

நேசம்மாள் தவறாகப் புரிந்துகொண்டாளாம். ஜெனிலா அந்த வரியை எழுதினாள். வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், சாமானிய ஜனங்களுக்கு ஆய்வை விளக்கிய விதம் அருமை என்று எல்லோர் முன்னாலும் கைகொடுத்தார். அவள் கையைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினாள்.

பட்டம் கிடைத்தது. தூக்கம் கிடைக்கவில்லை. நேசையனிடமாவது உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினாள். ஆண்டவர் சித்தம் என்று நம்பிக்கொண்டிருக்கும் மனுஷனிடம் போய், இல்லை, கம்ப்யூட்டரும் நானும்தான் என்று சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருந்த ஒன்றையும் பிடுங்கியதாகும். சொல்லாவிட்டால் அது இன்னொரு பொய். பஸ்ஸில் வழி நெடுக இதையே மாற்றி மாற்றி நினைத்தாள். திட்டினால் திட்டட்டும், அடித்தாலும் அடிக்கட்டும் என்ற முடிவோடுதான் சந்துக்குள் நுழைந்தாள்.

முற்றத்தில் ஒட்டுப்பால் சாக்கு கிடந்தது. நேசையன் பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"மாமா, அந்தச் சீட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"அதைப் பத்தியாக்கும் நானும் உனக்கிட்ட ஒரு காரியம் பறயணும்ணு இருந்தேன்," என்றார் அவர். "ஆஸ்பத்திரியில கடைசி நாளு அவளுக்கு நல்ல ஓர்மை இருந்தது. எனக்கக் கையைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கவரு கிடைக்குமாண்ணு ஜெனிலாட்ட கேளுங்கோண்ணு சொன்னா. ரெண்டாம் தரம் கேக்கப்பிடாதுண்ணு அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தும் கேட்டா மக்கா. பேடியில்லா? சாவுண்ணா பயம்தானே?"

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே மாமா. நான் ஓடி வந்திருப்பேனே."

"உனக்க நம்பரு எங்ககிட்ட ஏது? பச்சைக்காரவளுக்கில்லா குடுத்த? லீலாபாய்க்குப் போன் போட்டுக் கேட்டு வாங்கலாமுண்ணு ஆஸ்பத்திரிக்கு வெளிய போனேன். பொறவு வேண்டாமுண்ணு வச்சேன். அவளுக்குத் தந்ததை நாங்க எடுத்தா கணக்கு கெட்டுப்போகுமுண்ணு நீ சொன்னியாமே. ஏற்கெனவே அண்ணைக்கு நீ வீட்டுக்குள்ள கேறி வந்ததுலயே அவளுக்குச் சங்கடம். எனக்காவ அந்தப் பிள்ளைக்க படிப்பு கெடப்பிடாதுண்ணு சொல்லிக்கிட்டே இருந்தா."

அவர் கத்தியை எடுத்து நுனிவிரலால் முனையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். குற்றம் சாட்டுகிற முகமே இல்லை அது. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற முகம்.

"கணக்கு கெடாம வந்ததில்லா மக்கா?"

ஜெனிலா அவர் துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வந்தது மாமா," என்றாள். "சரியா வந்தது."